ஜானகி அம்மாள் எண்ணிய எண்கள்

பிளஸ் டூ உயிரியலுக்கு ரிவிஷன் செய்கிற எந்தப் பிள்ளையின் அட்டவணையை வாங்கிப் பார்த்தாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் செல்: மைட்டாசிஸ், மியாசிஸ், எந்த நிலையில் குரோமோசோம்கள் நடுவில் வந்து நிற்கும், எந்த நிலையில் பிரியும். அடுத்தது இனப்பெருக்கம்: மகரந்தக் குழல், இரட்டைக் கருவுறுதல், படம் வரைந்து பாகம் குறி. மூன்றாவது பல்லுயிர்ப் பெருக்கம். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 'அது கதை மாதிரிதான், ஒருவாட்டி வாசிச்சா போதும்' என்பது ஹாஸ்டல்களில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும் அறிவுரை.

என் அக்கா மகள் நீட்டுக்கும் சேர்த்துப் படிக்கிறாள். சாயந்திரம் கேள்வி கேட்டு ஒப்பிக்க வைப்பது என் பொறுப்பு. மியாசிஸ் முடித்த அன்று அவளே திருப்பிக் கேட்டாள்: "கேமீட்ல பாதி குரோமோசோம்தான் இருக்கும்னு எழுதுறோமே மாமா, எல்லாச் செடிக்கும் அப்படித்தானா?" பரீட்சைக்கு 'ஆமாம்' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் கரும்பு அப்படி நடந்துகொள்ளவில்லை. அந்தக் கரும்பின் கதையைச் சொல்லப் போனால் மேலே சொன்ன மூன்று கட்டங்களும் ஒரே மனுஷியின் வாழ்க்கைக்குள் வந்து நிற்கின்றன. அவர் இ.கே. ஜானகி அம்மாள்.

முதலில் கரும்பு. அதை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். ஒரு கணுவிலிருந்து முளைப்பது தாய்க் கரும்பின் அச்சு அசலான நகல். விவசாயிக்கு அது வசதி, ஆராய்ச்சியாளருக்கு அது முட்டுச்சந்து. புது ரகம் வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், மகரந்தம் மாற வேண்டும். கரும்பு எல்லா ஊரிலும் ஒழுங்காகப் பூத்துவிடாது. கோயம்புத்தூரில் நன்றாகப் பூக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சி.ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தார். அவருடன் வேலை பார்த்தவர் டி.எஸ். வெங்கட்ராமன், பின்னாளில் சர் பட்டம் பெற்றவர்.

அப்போது இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியாவில் விளைந்த கரும்பு ஒல்லி, சாறும் குறைவு. தெற்கில் விளையும் பருத்த கரும்பு வடக்கின் குளிரில் தேறாது. வெங்கட்ராமனும் பார்பரும் தெற்கத்தி 'வெள்ளை' கரும்பின் பூவில் ஒரு காட்டுப்புல்லின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். கோவைப் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த புல் அது. நாம் பேய்க்கரும்பு என்போம். தண்டு விரல் கனம்கூட இருக்காது, கடித்தால் இனிப்பும் இருக்காது. ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர் எதுவும் அதை அவ்வளவு சுலபத்தில் கொல்லாது. (பட்டினத்தார் கையில் இருப்பதற்கும் அதே பெயர்தான். அது திருவொற்றியூரில் இனித்தது என்பது ஐதீகம்.) இந்தக் கலப்பில் பிறந்தது கோ 205. 1918இல் வெளியிடப்பட்டு பஞ்சாப் பக்கம் பரவியது. அதற்குப் பின் வந்த கோ வரிசைக் கரும்புகளின் உடம்பிலும் அந்தப் புல்லின் அம்சம் தொடர்ந்தது.

பழைய என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் கரும்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வடக்கின் ஒல்லிக் கரும்பையும் தெற்கின் பருத்த கரும்பையும் கலந்தார்கள், நல்ல ரகம் கிடைத்தது என்று முடியும். புல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. சில வருடங்களுக்கு முன் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு என்னவோ பத்தி போனதைவிட, அது இருந்த காலத்திலேயே புல் இல்லாமல் இருந்ததுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. காட்டுச் செடிகளை ஏன் காக்க வேண்டும் என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதைவிட நல்ல விடை எது?

இப்போது கணக்கு. பருத்த கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். கோவைப் பேய்க்கரும்பில் 64. பாடப்படி தாய் 40 தர வேண்டும், தந்தை 32 தர வேண்டும், பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பது 112. அதாவது தந்தை ஒழுங்காகப் பாதியைத் தந்தது, தாய் தன் 80ஐ அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. ஜாவாவில் வேலை செய்த பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி 1920களில் இதைக் கவனித்தார். பருத்த கரும்பும் பேய்க்கரும்பும் சேரும்போது இது வழக்கமாகவே நடக்கிறது. இனிப்பு தாய்ப் பக்கம் இருப்பதால், தாயின் பங்கு குறையாமல் பிள்ளைக்கு வந்தது மனிதர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம்.

இந்த மாதிரி விதிமீறல்கள் நிறைந்த ஒரு பயிரை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கலப்பு செய்தால் வேலைக்கு ஆகாது. செல்லுக்குள் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். 1934இல் ஜானகி அம்மாள் கோவைக்கு வந்தார்.

அவர் 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். தந்தை சப்-ஜட்ஜ், தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு உள்ளவர். தீயர் சமூகம். வீட்டில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். அக்காமார்களுக்கு வரிசையாகக் கல்யாணம் நடக்க, ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். (இந்த பார்பர் வேறு, கரும்பு பார்பர் வேறு.) 1931இல் அங்கே டாக்டர் பட்டம். படித்தது செல்லியல், குறிப்பாகக் குரோமோசோம்கள். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

குரோமோசோம் எண்ணுவது என்றால் என்ன என்பது பிராக்டிகலில் வெங்காய வேர் நுனியை நசுக்கிப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். நுனியை அசிட்டோகார்மினில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவும். வெங்காயத்துக்குப் 16தான், அதுவும் பெரிசு பெரிசாக இருக்கும். அதிலேயே நம்மில் பாதிப் பேர் புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைந்தோம். கரும்பில் 80, 112 என்று பொடிப்பொடியாகக் கிடக்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கணக்குத் தப்பும். மியாசிஸ் பார்க்க வேண்டுமானால் மகரந்தப்பைக்குள் சரியான பருவத்தில் உள்ள செல் கிடைக்க வேண்டும். மொட்டு கொஞ்சம் முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் திரும்பத் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி எண்ணியபோது தெரிந்தது இது: பேய்க்கரும்புக்கு ஒற்றை எண் கிடையாது. இடத்துக்கு இடம் 40இலிருந்து 128 வரை போகிறது. பார்வைக்கு எல்லாம் ஆற்றங்கரைப் புல். உள்ளே ஒவ்வொன்றும் வேறு. ஓர் ஊர்ப் புல்லை எரித்துவிட்டு, இன்னோர் ஊரில் அதே புல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. பல்லுயிர்ப் பாடத்தில் 'மரபியல் பன்மை' என்று ஒரு வரியில் வரையறுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறோமே, அதுதான் இது.

கோவையில் அவர் கரும்பை அதன் தூரத்து உறவுகளோடெல்லாம் சேர்த்துப் பார்த்தார். சோளம், தர்ப்பை இனத்துப் புல், கடைசியில் மக்காச்சோளம். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செடியைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1935லேயே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனாலும் தனியாக வாழ்கிற பெண், அதுவும் தாழ்ந்ததாக நினைக்கப்பட்ட சாதி என்ற இரண்டும் கோவை வாழ்க்கையைக் கடினமாக்கின என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. போனவர் அங்கிருக்கும்போதே உலகப்போர் வெடித்தது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வகத்தில் வேலை. குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டு, காலையில் உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளி வேலையைத் தொடர்வாராம். கபோக் என்ற அணிலை ஊரிலிருந்து ரகசியமாகக் கொண்டுபோய் வளர்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தின் விளைவு, சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்'. மனிதன் வளர்க்கும் செடிகளின் பெயர், அதன் எண், அது எந்த ஊர்க்காரச் செடி என்று பக்கம் பக்கமாக ஓடும் புத்தகம். முதல் பார்வைக்கு டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். ஆனால் எண்ணையும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒரு புதுக் கேள்வி எழுகிறது: எந்த நிலத்தில் எண்கள் பெருகுகின்றன?

அதற்கு அவர் பின்னாளில் இமயமலையை வைத்துப் பதில் சொன்னார். குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்கு இமயத்தில் செடி இனங்கள் அதிகம். குளிரும் வறட்சியுமான வடமேற்கில் குறைவு. காரணங்களில் ஒன்று பன்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதிகள் இரட்டித்துப் பெருகுவது என்றார். செல்லுக்குள் நடக்கும் ஒரு விபத்து, ஒரு மலைத்தொடரின் பச்சையைத் தீர்மானிக்கிறது. முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே இத்தனை பெரிய வாசல் இருக்கிறது.

போருக்குப் பிறகு லண்டனுக்கு வெளியே விஸ்லித் தோட்டத்தில் அந்த இரட்டிப்பை அவரே செய்து பார்த்தார். கால்ச்சிசின் என்ற மருந்து, செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளைக் கட்டிப்போட்டுவிடும். குரோமோசோம் இரட்டித்திருக்கும், செல் பிரியாது. (நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதே சரக்குதான். மூலனூர் பக்கம் அதன் விதைக்காகவே கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள்.) மக்னோலியா நாற்றுகளில் அவர் செய்த சோதனையின் நினைவாக, அவர் பெயரிலேயே ஒரு வெள்ளைப்பூ மக்னோலியா ரகம் இருக்கிறது.

நேரு அழைத்து, 1950களின் தொடக்கத்தில் நாடு திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் வேலை. நாட்டின் செடிகளை வெள்ளைக்காரர்கள் சேகரித்து லண்டன் கியூ தோட்டத்தில் வைத்திருந்தார்கள். இங்கேயோ உணவு உற்பத்தியைப் பெருக்குகிறோம் என்று காடுகள் வயலாகிக்கொண்டிருந்தன. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போய், அஸ்ஸாமின் அந்தப் பகுதியில் மிச்சமிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தியை மரத்தைத் தேடினார். எரிந்து கிடந்தது. இதை டார்லிங்டனுக்குக் கடிதத்தில் எழுதினார். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். மகசூலைக் கூட்டுவதற்காகவே கோவையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அதே மகசூலின் பெயரால் மரம் போகிறது. அவர் கட்சி மாறிவிட்டார் என்று சொல்வது சரியில்லை. வெள்ளைக் கரும்புக்குப் பேய்க்கரும்பு தேவைப்பட்டதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1955இல் மனிதன் பூமியை மாற்றியதைப் பற்றி பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்ணாகப் போய், இந்தியப் பழங்குடிகளின் பிழைப்புப் பயிர்களைப் பற்றிப் பேசினார்.

ஓய்வுக்குப் பின் சென்னை. பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் மதுரவாயல் ஆய்வுக்கூடம்தான் வீடும் வேலையும். மருந்துச் செடிகள், பூனைகள். கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை மூழ்கடிக்கும் மின்திட்டம் 1973இல் ஒப்புதல் பெற்றிருந்தது. எதிர்ப்பு பெருகியது. கவிஞர்கள் பாடினார்கள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் பேசியது. எண்பதைத் தொட்டிருந்த ஜானகி அம்மாளும் அந்தப் பக்கம் நின்றார். கூடவே தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யக் கிளம்பினார். ஏரியாகப் போகிற அந்தக் காட்டின் மரங்களுக்கு, போவதற்கு முன் குரோமோசோம் கணக்கெடுப்பு.

அந்த வயதில், அந்த மலையில், மொட்டு சரியான பருவத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பறிக்கிற அதே வேலை.

திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று ஜானகி அம்மாள் மதுரவாயலில் இறந்தார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அந்த வருடம் நவம்பரில்.