சதுரங்கப் பலகையின் இருபது இலக்க எண்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் ஸிஸ்ஸா இப்னு தாஹிர், இந்திய மன்னர் ஷிஹ்ராமிடம் கேட்ட பரிசு பற்றிய கதையை நாம் அனைவரும் அறிவோம். முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தர வேண்டும். மன்னர் இதனை அற்பமெனக் கருதினார். கணக்கர்களோ உலகத்துக் கோதுமை முழுவதும் போதாதென்றனர். வகுப்பில் நாமும் இக்கதையைப் பன்முறை கூறியிருக்கிறோம். ஒரு முறையேனும் மாணவரைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னதில்லை.

திமிஷ்க்கின் காழியாக விளங்கிய இப்னு கல்லிகான் (1211–1282) அவ்வாறு விட்டுவிடவில்லை. 'வஃபயாத்துல் அஃயான்' நூலில், சதுரங்க வல்லுநர் அஸ்ஸூலியின் வரலாற்றினிடையே இக்கதையைக் கூறும் அவர், கணக்கர்களின் கூற்றில் தமக்கே ஐயம் இருந்ததென ஒப்புக்கொள்கிறார். அவ்வையத்தைத் தீர்த்தவர் இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த ஒரு கணக்கர். 16ஆம் கட்டத்தின் 32,768 மணிகளை ஒரு 'கதஹ்' என்னும் முகத்தலளவாக அவர் கொண்டார். 20ஆம் கட்டத்தில் அது 16 கதஹ், அதாவது ஒரு 'வைபா' ஆகிறது. ஆறு வைபா ஓர் 'இர்தப்பு'. 40ஆம் கட்டத்தில் 1,74,762 இர்தப்பும் மூன்றில் இரண்டு பங்கும் சேர்கின்றன. இதனை ஒரு களஞ்சியம் என்று வைத்தால், 50ஆம் கட்டத்திற்கு 1,024 களஞ்சியங்கள். அவற்றை ஒரு நகரம் என்று வைத்தால், 64ஆம் கட்டத்திற்கு 16,384 நகரங்கள். உலகில் அத்தனை நகரங்கள் ஏது?

இதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, கி.பி. 1000ஐ ஒட்டி, அல்பீரூனி தம் 'அல்ஆஸாருல் பாகியா'வில் முழுத்தொகையையும் கண்டுவிட்டார்: 1,84,46,74,40,73,70,95,51,615. அவர் 64 முறை இரட்டித்துக் கூட்டவில்லை. இரண்டு விதிகளே அவருக்குப் போதுமாயிருந்தன. ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியுள்ளதோ அவ்வளவு அப்பாலுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். 5ஆம் கட்டத்தின் 16ஐ இவ்வாறு பெருக்க, 9ஆம் கட்டத்தின் 256 வருகிறது. அதிலிருந்து 17ஆம் கட்டத்தின் 65,536. பின்னர் 33ஆம் கட்டத்தின் 4,29,49,67,296. ஈற்றில், பலகையிலேயே இல்லாத 65ஆம் கட்டம். எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் அதற்கு முந்திய கட்டங்களின் தொகை கிடைக்கும் என்பது மற்றைய விதி. ஆக, நான்கு பெருக்கல், ஒரு கழித்தல்!

அரபுக் கணக்கர்கள் 'மீஸான்' என்றழைத்த, ஒன்பதைத் தள்ளும் சோதனையால் இதனைச் சரிபார்க்கலாம். 65,536இன் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ள 7 மிஞ்சும். அடுத்த வர்க்கத்தில் 4. அதற்கடுத்ததில் மீண்டும் 7. ஒன்றைக் கழித்த நம் எண்ணில் 6 மிஞ்ச வேண்டும். அதன் இருபது இலக்கங்களின் கூடுதல் 87. ஒன்பதுகள் போக மிச்சம் 6.

வர்க்கங்களால் பிறந்த எண்ணாதலால் இது வியக்கத்தக்க வகையில் பகுபடுகிறது: 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகியவற்றின் பெருக்கமே இது. ஒவ்வொன்றும் மேற்கண்ட வர்க்க வரிசையில் ஒன்றைக் கூட்டியதாகும். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அவ்வாறே இருக்குமென 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா எண்ணினார். அது 641ஐ 67,00,417ஆல் பெருக்கிய எண்ணே என்பதை 1732இல் ஆய்லர் காட்டினார்.