சிவப்பு ஆறும் சேற்றின் கணக்கும்

1492ல கொலம்பஸ் கப்பல் ஏறின பாலோஸ் என்ற ஊரை எல்லாரும் படிச்சிருப்போம். தெற்கு ஸ்பெயினில் அந்த ஊர் ஓரமா ஓடுற ஆறுதான் இன்னைக்கு விஷயம். பேரு ரியோ டின்டோ. டின்டோன்னா அங்கே சிவப்பு ஒயின். தண்ணியும் அந்த நிறம்தான், புளிப்பு எலுமிச்சைச் சாறு மாதிரி. கந்தகம் கலந்த இரும்புத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. அது செம்பு, ஈயம், ஆர்சனிக் எல்லாத்தையும் கரைச்சு இழுத்துட்டு வருது.

ஊவெல்வா நகரத்துகிட்ட ஆறு கடல்நீரைத் தொடும்போது அமிலம் தணிகிறது. கரைஞ்ச இரும்பு துருவாகப் படியுது, மற்ற உலோகங்களில் ஒரு பங்கும் அதோட சேர்ந்து சேற்றில் இறங்குது. இப்படி அடுக்கு அடுக்கா கணக்கு ஏறுது.

1873ல சுரங்கத்தை ஸ்பெயின் அரசு பிரிட்டிஷ் முதலாளிகள் தலைமையிலான குழுவுக்கு விற்றது. 1960கள்ல முகத்துவாரத்தில் ரசாயனத் தொழிற்சாலைகள் வந்தன. அப்போ மாசுக்கு வயசு நூத்தம்பது வருஷம்னு தோணும், இல்லையா? ஆனா 2000ல வெளிவந்த ஓர் ஆய்வு, சேற்றைத் துளையிட்டுப் பார்த்து, சுரங்க மாசு சுமார் 4,500 வருஷம் பழசுன்னு சொல்லுது. ரோமானியர்களுக்கும் ரொம்ப முன்னாடி!

இங்கேதான் சிக்கல். மாசு எத்தனை மடங்குன்னு சொல்ல, சுத்தமான சேறு எதுன்னு முதல்ல தெரியணும். 1969ல ஜெர்மனியின் முல்லர் தந்த சூத்திரமும் சரி, 1980ல சுவீடனின் ஹோகான்சன் ஏரிகளை வைத்துத் தந்த அபாயக் குறியீடும் சரி, ஓர் அடிப்படை அளவைக் கேட்கும். ஹோகான்சன் கணக்கில் துத்தநாகத்தின் நச்சு எடை 1, பாதரசத்துக்கு 40. எடை எல்லாம் தயார், ஆனா அடிப்படை? தொழிற்புரட்சிக்கு முந்தைய சேற்றை எடுத்தா, அதுலயே பழைய சுரங்க மாசு இருக்கு. அபாயம் குறைவாத் தெரியும். உலகக் களிப்பாறையின் சராசரியை எடுத்தா, அந்த மலை இயற்கையாகவே தந்த உலோகமும் மனுஷன் தலையில விழும். ஏன்னா ஆற்றங்கரையில், சுரங்கம் வருவதற்கு ரொம்ப ரொம்ப முன்னாடி உருவான இரும்புப் படிவங்களும் உண்டு.

என்னைக் கேட்டா, முதல் சுரங்கத்துக்கும் கீழே இருக்கிற அடுக்கைத்தான் எடுக்கணும். 'ஆறு பிறவியிலேயே இப்படி'ங்கிற பேச்சு, கழிவைக் கொட்டினவங்களுக்குத்தான் வசதி.

பக்கத்திலேயே ஒடியல் ஆற்றின் சதுப்பு நிலம், 1983 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். கரண்டிவாயன் பறவைகள் கூட்டமா கூடு கட்டுற இடம். சேற்றில் மொத்தம் எவ்வளவு உலோகம்னு அந்தக் குறியீடு கேட்கும். அதுல எவ்வளவு இறால் வழியா பறவை வயித்துக்குள்ள போகுதுன்னு கேட்காது.