நூலும் கூடையும்: பெங்களூரில் கைத்தொழில் கண்ட மாற்றங்கள்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இருபொருள் பயப்பது. பெண்டிர் கதிரில் இழுக்கும் இழையும் நூல். புலவர் சொல்லால் இயற்றும் ஏடும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நன்னூலின் பாயிரம் அழகுற விளக்குகிறது. சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் அது உருவகம் செய்கிறது. பவணந்தி முனிவரைக் கொண்டு அவ்விலக்கணத்தை இயற்றுவித்தவன் சீயகங்கன். அவன் பிறந்த கங்கர் குலமோ, பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலாரைத் தன் பழம்பதியாகப் போற்றியது. ஆதலின் இந்நாட்டிற்கும் தமிழ் நூலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

நூற்புத் தொழிலின் தொன்மைக்கு மண்ணும் சான்று பகர்கின்றது. கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. கதிரின் அடியில் கோத்துச் சுழற்றினால், தன் எடையால் இழையை முறுக்கித் தரும் சிறு வட்டே தக்களி. பருத்தி நூற்கும் பெண்டிரைச் சங்கப் பாடல்களும் அறிந்திருந்தன. கருவி சிறிது, ஆயின் அதனை நம்பிய இல்லங்கள் பல.

பேட்டையும் பருத்தியும்

கெம்பே கௌடர் 1537-இல் பெங்களூர்க் கோட்டையையும் பேட்டையையும் அமைத்தார் என்பர். பேட்டையின் தெருக்கள் தொழிலால் பெயர் பெற்றன. இன்று காட்டன்பேட்டை என வழங்குவதன் பழம்பெயர் அரளேபேட்டை. 'அரளே' என்பது கன்னடத்தில் பருத்தியைக் குறிக்கும் சொல்.

1800-ஆம் ஆண்டில் கம்பெனியாரின் ஆணைப்படி இங்கு வந்த பிரான்சிஸ் புக்கானன், தாம் கண்டவற்றை விரிவாக எழுதி வைத்தார். வாரச் சந்தையில் ஏழைப் பெண்டிர் பஞ்சைச் சிறிது சிறிதாக வாங்கிச் செல்வர். இல்லத்தில் நூற்று, மறு சந்தையில் அந்நூலை நெசவாளரிடம் விற்பர். பிராமணர் ஒழிந்த ஏனைய எல்லாச் சாதிப் பெண்களும் நூற்றனர் என்று அவர் குறிக்கின்றார். இச்செய்தி நம் கருத்துக்குரியது. நெய்தல் சில குலத்தாரின் தொழில். நூற்றலோ ஏறக்குறைய எல்லார்க்கும் பொது. வயலில் வேலையில்லாத நாளிலும் பெண்ணின் கையில் நாலு காசு சேர இராட்டை வழி செய்தது.

1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டினை நிறுவினர். அதனைத் தொடர்ந்து தமிழ் மக்கள் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். 1884-இல் தொடங்கப்பெற்ற பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை விரைவிலேயே பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது. காட்டன்பேட்டைக்கு அருகில் எழுந்த அவ்வாலையின் சங்கொலி கேட்டு விழித்தெழுந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இராட்டையின் ஒலியை அடக்கியது ஆலை. நம் முன்னோர் பலருக்குச் சோறிட்டதும் ஆலையே. இவ்விரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பேசுவது வரலாறாகாது. இன்று அவ்வாலையும் இல்லை. அது நின்ற நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இராட்டையின் மறுபிறப்பு

1927-இல் உடல்நலம் குன்றியிருந்த காந்தியடிகள் நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி இளைப்பாறினார். அவ்வாண்டு சூலையில் இந்நகரில் நடந்த கதர்க் கண்காட்சியை அவரே திறந்து வைத்தார். 1929-இல் சிற்றூர்க் குடிசைக்கு ஏற்ற சிறந்த இராட்டையை அமைப்பவர்க்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு என அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. பின்னர் அத்துறையில் வெற்றி கண்டவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்னும் தமிழர். ஒரே கைப்பிடியைச் சுழற்ற, உருளைகள் பஞ்சினை நீட்ட, பல கதிர்கள் ஒருங்கே நூற்கும் அக்கருவி, அவர் பெயராலேயே 'அம்பர்' இராட்டை என நாடெங்கும் வழங்குகிறது.

கர்நாடக மாநிலத்தின் ஹூப்ளியில் 1957-இல் அமைந்த கதர்க் கூட்டுச் சங்கம் தேசியக் கொடிக்குரிய துணியையும் கொடியையும் ஆக்கிப் புகழ் பெற்றது. 2021 டிசம்பரில் கொடி விதிகள் திருத்தப்பெற்று, எந்திரத்தில் நெய்த பாலியெஸ்டர்க் கொடிக்கும் இடம் தரப்பட்டது. கொடி மலிவாயிற்று, ஆயின் கையால் நூற்போர்க்கு இருந்த உறுதியான சந்தை ஒன்று தளர்ந்தது.

ஓலையும் மூங்கிலும்

நூலின் உடன்பிறப்பு கூடை. பாவும் ஊடையும் தறியில் மாறி மாறிப் புகுவது போலவே, மூங்கிற் பிளாச்சும் ஓலைச் சுருணையும் விரலிடையே புகுந்து வடிவெடுக்கின்றன. பனையோலையைச் சீவிச் சாயமேற்றிச் செட்டிநாட்டு ஆச்சிமார் முடைந்த கொட்டான், மணியும் பின்னல் வேலையும் பெற்றுத் திருமணச் சீரில் இடம்பெற்றது. கோரையை நீரில் ஊறவைத்து மெல்லிதாகக் கீறி நெய்யும் பத்தமடைப் பாய், பட்டுப்போல் மடிவது. இங்கும் தண்டுப் பகுதியில் மூங்கிலின் பெயராலேயே ஒரு கடைவீதி உண்டு.

இத்தொழில் செய்தோரை இரு மொழியாரும் இழிவாக எண்ணிவிடவில்லை. திருவள்ளுவரை நெசவாளர் என்பது நம் மரபுக் கதை. கன்னடத்தில் வசனம் பாடிய ஜேடர தாசிமையா நெசவாளர். மேதர கேதையா கூடை முடைந்தவர். நம் 'முறம்' அவர்க்கு 'மொர'. நம் 'நூல்' அவர்க்கு 'நூலு'. ஹலசூர் ஏரிக்கரையில் 1991-இல் அமைத்த வள்ளுவர் சிலை திறக்கப்பெற 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் இச்சொற்களோ எவர் ஒப்புதலுக்கும் காத்திராமல் இரு வீட்டு அடுக்களையிலும் என்றும் ஒன்றாகவே இருந்து வருகின்றன.

இனி நாம் செய்யத்தக்கது யாது? எந்திரத்தை வெறுப்பது பயனற்றது. ஆனால் தக்களி, சிட்டம், பாவு, ஊடை, கடகம், சுளகு என்னும் சொற்கள் நம் காலனிச் சிறுவர் காதில் விழாமலே மறைந்துவிடின், அவை குறித்த அறிவும் உடன் மறையும். ஊரை விட்டு வந்தோர்க்கு இவ்விழப்பு பெரிது. எடுத்துக் கூற இங்குப் பாட்டியும் இல்லை, பயன்படுத்திக் காட்டக் களமும் இல்லை. ஆகவே அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுப் பரணிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொணர்க. அதன் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்க. கையால் நெய்த துணி ஒன்றை வாங்கும்போது உரிய விலையைப் பேரம் பேசாது தருக. நூல் என்றால் ஏடு மட்டுமன்று என்பதை நம் மக்கள் அப்போது தாமே உணர்வர்.