சி.டி.6பி-யா, ஐ6-ஆ? வேகப்படகுக்கு ஏற்ற ரிமோட்

1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டியது ஒரு சிறு படகை. ஆனால் இன்று மலிவாகக் கிடைக்கும் ஸ்டிக் வகை ட்ரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் விமானத்துக்கென்று செய்யப்பட்டவை. படகுக்காரர்கள் அவற்றைத் தம் வேலைக்கு வளைத்துக்கொள்கிறார்கள். எது நன்றாக வளையும் என்பதுதான் இந்த ஒப்பீடு. நம் கல்லூரி மாணவர்களிடம் அதிகம் புழங்கும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: ஃப்ளைஸ்கை சி.டி.6பி, ஃப்ளைஸ்கை ஐ6. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டிலும் ஆறு சேனல்.

ஆத்தூர்ப் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஒரே தண்ணீர் அல்ல. முக்காணிப் பாலத்தருகே தாமிரபரணி அகன்று கிடக்கும். குளிக்கவும் துவைக்கவும் ஆட்கள் இறங்குவார்கள். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாயும் வாய்க்கால்கள் குறுகலானவை, ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும். கிழக்கே புன்னைக்காயலில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உப்பும் காற்றும் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் ரிமோட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி, தொடர்பு அறுந்தால் படகு என்ன செய்யும்? மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் படகு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் பாய்கிறது. இரண்டு விநாடி கட்டுப்பாடு போனால் 28 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் குளிக்கிற பிள்ளை ஒன்று நிற்கலாம். ஐ6இல் ரிசீவர் அமைப்புக்குள் ஃபெயில்சேஃப் என்று தனி மெனு இருக்கிறது. சிக்னல் போனதும் த்ராட்டில் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைச் சேனல் வாரியாக நாமே எழுதிவைக்கலாம். சி.டி.6பி-யை அமைக்கும் கணினி மென்பொருளில் அப்படி ஓர் இடமே இல்லை. முடிவு ரிசீவரிடம் விடப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை ஒப்பீடு இங்கேயே பாதி முடிந்துவிட்டது. ஆள் நடமாடும் தண்ணீரில், மோட்டார் தானாக நிற்கும் என்ற உறுதி இல்லாமல் வேகப்படகை இறக்கக் கூடாது.

அடுத்தது கரையில் செய்யும் வேலை. வேகத்தில் போகும்போது சுக்கான் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினாலே படகு குப்புறக் கவிழும். அதனால் சுக்கானின் எல்லையைக் குறைப்பது, நடுவில் அதன் பதிலை மென்மையாக்குவது எல்லாம் ஓட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்டிச் செய்ய வேண்டியவை. ஐ6இல் திரையைப் பார்த்து ஆற்றங்கரையிலேயே இதை முடிக்கலாம். 20 மாடல்களின் அமைப்பை அது நினைவில் வைத்துக்கொள்ளும். சி.டி.6பி-யில் திரை கிடையாது. சுக்கானைத் திருப்பும் செர்வோ தலைகீழாகத் திரும்புகிறது என்றாலும் கேபிளை மாட்டி லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். நண்பகல் வெயிலில் மணலில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா அது?

ஸ்டிக் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே குறை. மோட் 2 வகையில் இடப்பக்க த்ராட்டில் ஸ்டிக்குக்கு ஸ்பிரிங் இல்லை; கையை எடுத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். விமானத்துக்கு அது வசதி, படகுக்கு ஆபத்து. புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிய நொடியில் விசையை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கருகும். இதற்கு ஒரு வழி உண்டு. ஈ.எஸ்.சி.யை மூன்றாம் சேனலில் செருகாமல் இரண்டாம் சேனலில் செருகுங்கள். வலப்பக்க ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு அது. விட்டதும் நடுவுக்கு வந்துவிடும். சுக்கானை இடக்கை பார்த்துக்கொள்ளட்டும். ஈ.எஸ்.சி.யின் நிறுத்த நிலையை அந்த நடுப்புள்ளிக்குப் பொருத்திக்கொண்டால் போதும்.

பேட்டரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.டி.6பி-க்கு எட்டு பென்சில் பேட்டரி, ஐ6க்கு நான்கு. செலவை விட முனைகள்தான் கவலை. உப்பளக் காற்று வீசும் ஊரில் பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். முனைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எந்த ரிமோட் வாங்கினாலும் மாறாத ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது என்பது. உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை உரித்த மூன்று சென்டிமீட்டர்தான் அலையைப் பிடிக்கும் பகுதி. அதைப் பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து, நீர்மட்டத்துக்கு மேலே முடிந்த அளவு உயரத்தில் நிறுத்துங்கள். ஐ6க்கான ஐஏ6பி ரிசீவரில் இரண்டு ஆன்டெனா உண்டு. ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வைத்தால் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது கைகொடுக்கும். அலையைத் தடுக்கும் கார்பன் ஃபைபர் கூட்டுக்குள் ஆன்டெனாவைச் சுருட்டி வைப்பவர்கள் ரிமோட்டைக் குறை சொல்லக் கூடாது.

புதிதாக வாங்குகிறவருக்கு என் பரிந்துரை ஐ6. பணம் போதவில்லையென்றால் மோட்டாரைச் சிறிதாக்குங்கள். சி.டி.6பி ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஆளில்லாத குளத்தில் மெதுவாகப் போகும் தோணி மாதிரிக்கு அது தாராளம். எதுவானாலும் தண்ணீரில் இறக்கும் முன் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, படகைப் பலகையில் கட்டி, மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லையென்றால் அன்றைக்கு ஆற்றுக்குப் போக வேண்டாம்.