சில்லின் முதுகில் ஓர் ஊர்க்குறி

1990ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கணிப்பொறியொன்றின் மூடியைக் கழற்றி, அதன் மையச் சில்லை எடுத்து நோக்குவோர், இன்டெல் என்ற பெயருக்கருகே 'மலாய்' என ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பதைப் பல வேளைகளில் காண்பர். இனத்தைக் குறிக்கும் சொல்லன்று அது. மலேசியாவில் பொருத்தி முடிக்கப்பட்டது என்பதன் சுருக்கக் குறி.

இத்தகைய பழங்கணிப்பொறிகளை இன்று உலகெங்கும் சிலர் தேடிச் சேர்க்கின்றனர். 1994 டிசம்பரில் சோனி நிறுவனம் ஜப்பானில் பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. கடையில் வாங்கும் அக்கருவியில் ஆடலாமேயன்றி, புதிய விளையாட்டை எழுத இயலாது. எழுதுவோருக்கெனத் தனி அட்டைகளைச் சோனி வழங்கியது. டி.டி.எல்.-எச்2000 எனப்பட்ட அந்த இணையட்டை, கருவியின் மின்சுற்றையே தன்னுள் கொண்டு, சாதாரணக் கணிப்பொறியின் வயிற்றுக்குள் அமர்ந்துகொண்டது. கடைக் கருவியில் 2 மெகாபைட்டாக இருந்த முதன்மை நினைவகம் இதில் 8 மெகாபைட். பிழை தேடுவோருக்கு அந்த இடம் தேவைப்பட்டது.

அவ்வட்டைகளை இன்று மீண்டும் இயக்குதல் எளிதன்று. ஐ.எஸ்.ஏ. என்னும் நீண்ட செருகுவாய்கள் வேண்டும். அவையோ 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய கணிப்பொறிகளிலிருந்து மறையத் தொடங்கிவிட்டன. அட்டையும் கணிப்பொறியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள, முகவரி எண்ணும் குறுக்கீட்டு எண்ணும் பொருந்த வேண்டும். ஒலியட்டை அவ்வெண்ணை முன்னரே பிடித்து வைத்திருப்பின் இரண்டும் முரண்படும். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் கசிந்து செம்புத் தடங்களை அரித்திருந்தாலோ, அத்தனை உழைப்பும் வீண். அட்டையைப் பெற்றவரும் அதற்கேற்ற பழைய கணிப்பொறிக்காகக் காத்திருக்க நேர்வது இதனாலேயே.

அட்டையை வடிவமைத்தோரைப் பற்றியும் அதில் விளையாட்டு எழுதியோரைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. அதைத் தாங்கிய கணிப்பொறியின் சில்லைப் பொருத்தியவர் யாவர்? இவ்வினா நம்மைப் பினாங்குக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

1969இல் இத்தீவு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையற்றோர் பெருகினர். அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, அயல்நாட்டுத் தொழிற்சாலைகளை வரவேற்றார். 1972இல் பாயான் லெப்பாசில், நெல் விளைந்த நிலத்தில், இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை எழுப்பியது. ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட் பேக்கர்ட், ஹிட்டாச்சி முதலியனவும் வந்தன. 1975இல் இன்டெல் ஆலை தீக்கிரையாகி, மீண்டும் எழுந்தது.

ஆயர் ஈத்தாமிலிருந்து தெற்கே செல்லும் பாயா தெருபோங் சாலை, மலையோரமாக வளைந்து, ரெலாவைத் தொட்டுப் பாயான் லெப்பாஸ் பக்கம் இறங்குகிறது. தீவின் இத்தகைய சாலைகளில் ஆலைப் பேருந்துகள் முறை வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்றன. மலாய்க் கிராமத்துப் பெண்களே மிகுதி. சீனப் பெண்களும், தோட்டப்புறத்தை விட்டு வந்த தமிழ்ப் பெண்களும் அவர்களோடு அமர்ந்தனர். வெளிநாட்டில் உருவாகி வந்த சிலிக்கான் தகட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அதன் கூட்டில் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளால் கால்களோடு இணைப்பது அன்றைய வேலை. நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண் பதித்திருக்க வேண்டும். கண்ணெரிச்சலும் தலைவலியும் தொழிலோடு சேர்ந்தே வந்தன. பின்னாளில் கம்பி பிணைக்கும் பணியை இயந்திரங்கள் ஏற்றன. மேற்கூறிய 1990ஆம் ஆண்டுகளின் சில்லுகள் அக்காலத்தவை. எனினும் இத்தீவை அத்தொழிலில் நிலைபெறச் செய்தவர் அம்முதல் தலைமுறைப் பெண்களே.

ஊர் அவர்களுக்கு அளித்த பட்டமோ 'மினா காரான்'. மின்சாரத்தைக் குறிக்கும் 'காரான்' என்ற சொல்லைப் பெண்பெயரோடு ஒட்டிச் செய்த ஏளனம் அது. வீட்டுக்குப் பணம் அனுப்பிய பெண்களை அவ்வாறு அழைக்க நம்மவர் நாவும் கூசவில்லை என்றே கருதுகிறேன். தொழிற்சங்கமும் நெடுங்காலம் அவர்களுக்கு எட்டவில்லை; 1988இல் கிடைத்த அனுமதியும் ஒவ்வோர் ஆலைக்குள்ளும் அடங்கிய சங்கத்திற்கு மட்டுமே.

பழங்கருவி சேர்ப்போர் ஒவ்வோர் அட்டையின் வரிசை எண்ணையும் குறித்து வைக்கின்றனர். 1972இல் பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் ஆலையில் நுழைந்த பெண், இன்று எழுபதைக் கடந்தவர்.