உளியை மழுக்கும் நாங்கு மரம்: வெட்டிக் கடைவது எப்படி?

சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் கூம்பு வடிவில் அடர்ந்து நிற்கும் பெனாகா லீலின் மரத்தைப் பலர் பார்த்திருப்போம். தளிர் செந்நிறம்; பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் மகரந்தம். தமிழில் இது நாங்கு அல்லது நாகமரம். நாட்டு மருந்தில் சிறுநாகப்பூ எனப்படுவது இம்மரத்தின் பூ. தாவரவியலில் இதன் பெயர் மெசுவா ஃபெரியா. அதில் இரண்டாம் சொல் இரும்பைக் குறிக்கிறது.

காய்ந்த ரப்பர் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடை இருக்கும். நாங்கு மரத்தின் வைரம் 1,000 கிலோவை ஒட்டியும் அதைத் தாண்டியும் இருப்பதால் தண்ணீரில் மூழ்கிவிடும். மத்து, உலக்கை, கைத்தடி, சுத்தியல் பிடி, பம்பரம் ஆகியவற்றுக்கு ஏற்ற மரம். ஆனால் புயலில் சாய்ந்த மரம் பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. எடுத்து வைப்பவர்களும் காயவிட்ட பிறகே உளியைத் தொடுகிறார்கள். அதற்குள் கட்டை பிளந்திருக்கும். பிளக்காதது உளியை மழுக்கும். முதல் சில நாட்களில் செய்யும் வேலையே கட்டையின் கதியை முடிவு செய்கிறது.

முதலில் அனுமதி

வனக் காப்பகத்திலிருந்தும் அரசு நிலத்திலிருந்தும் உரிமமின்றி மரம் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தீபகற்ப மலேசியாவில், சொந்த வளாகத்து மரமானாலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, வெட்டுவதற்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சாலையோரத்தில் விழுந்த மரத்தையும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

வெட்டுதலும் காயவைத்தலும்

சாலையோர மரத்தில் விளம்பரப் பலகை ஆணிகளும் கம்பிகளும் புதைந்திருக்கலாம். ரம்பம் வைக்கும் முன் காந்தம் கொண்டு சோதியுங்கள்.

* தேவையான நீளத்தைவிட இரு முனையிலும் இரண்டு, மூன்று விரற்கடை கூட்டி வெட்டுங்கள். முனைகளில்தான் வெடிப்பு தொடங்கும்.
* கட்டையை நெடுக்காகப் பிளந்து, நடுமையத்தை நீக்குங்கள். முழு உருளையாக விட்டால் பிளப்பது ஏறக்குறைய உறுதி.
* வெட்டிய அன்றே முனைகளில் உருக்கிய மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசுங்கள்.
* வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், தரையில் படாமல் அடுக்குங்கள். வெட்டிய தேதியைக் கட்டையில் எழுதி வையுங்கள்.

கிண்ணம் போன்ற பொருளை ஈரம் இருக்கும்போதே முரட்டு வடிவில் கடைந்துவிடலாம். 20 செண்டிமீட்டர் அகலக் கிண்ணத்திற்குச் சுவர் 2 செண்டிமீட்டர் தடிப்பு இருக்கட்டும். அதை அதன் சீவல்களோடு அட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். இதற்குப் பல மாதங்கள் ஆகும். பிறகுதான் இறுதிக் கடைசல்.

கடைசல் இயந்திரத்தில்

பலத்தைக் காட்டினால் மரம் தோற்காது, உளிதான் தோற்கும். அதிவேக எஃகு உளி அல்லது கார்பைட் முனை உளி தேவை. மழுங்கும் வரை காத்திராமல் அடிக்கடி சாணை பிடியுங்கள். மெல்லிய சீவலாக எடுங்கள். கட்டை கனமானது என்பதால் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். திருகாணி போடும் இடத்தில் முதலில் துளையிடுங்கள். இல்லாவிட்டால் திருகாணி முறியும். மணல்தாளை அழுத்தித் தேய்த்தால் சூடேறி மயிரிழை வெடிப்புகள் வரும். வைரம் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. மெழுகு மெலிதாகப் பூசினாலே பளபளக்கும்.

உயிருக்கும் உடம்புக்கும்

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. துணியை மூக்கில் கட்டினால் போதாது. தூளை வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பும் வேண்டும். கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எதுவும் சுழலும் கட்டையின் அருகே கூடாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள்.

பழைய தண்டவாளக் கட்டைகளையும் சிலர் கடைகிறார்கள். அவற்றில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஏற்றப்பட்டிருக்கலாம். அவற்றைக் கடையவே வேண்டாம். மத்து, கரண்டி, கிண்ணம் செய்ய ஒருபோதும் எடுக்காதீர்கள்.

நாங்கு மெதுவாக வளரும் மரம். நம் கைக்கு வரும் ஒரு கட்டைக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் ஒன்று சாய்ந்தால், அனுமதி கேளுங்கள். கிடைத்த அன்றே மெழுகு பூசுங்கள்.