மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம்

மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், மிஸ்டிக் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் அமைந்துள்ள கடல்சார் அருங்காட்சியகம். 1929இல் தொடங்கப்பட்டது. திமிங்கல வேட்டைக்காக 1841இல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற மரக்கப்பல் இதன் தலையாய உடைமை. பழங்கப்பல்களை நீரில் மிதக்கவிட்டு, பாய் விரித்து, கயிறு மாற்றி, இயங்கும் நிலையிலேயே பேணுவது இதன் வழக்கம். கோடையில் குடும்பங்களுக்காக நடக்கும் நிகழ்ச்சிகளும் வரலாற்றுச் சொற்பொழிவுகளும் இந்தப் பராமரிப்பை ஒட்டியே அமைகின்றன.

தோற்றமும் அமைப்பும்

19ஆம் நூற்றாண்டில் மிஸ்டிக் கப்பல் கட்டும் ஊராக இருந்தது. கிரீன்மன் சகோதரர்களின் பட்டறையில் 1853இல் உருவான டேவிட் கிராக்கெட் என்ற விரைவுப் பாய்க்கப்பல் பெயர்பெற்றது. இரும்பும் நீராவியும் வந்தபின் மரக்கப்பல் தொழில் ஒடுங்கியது. பழைய பொருள்கள் அழிவதைக் கண்ட மருத்துவர் சார்லஸ் ஸ்டில்மன், வழக்கறிஞர் கார்ல் கட்லர், தொழிலதிபர் எட்வர்டு பிராட்லி ஆகிய மூவரும் 1929 டிசம்பரில் கடல் வரலாற்றுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதுவே இன்றைய அருங்காட்சியகமாக வளர்ந்தது. அந்த கிரீன்மன் பட்டறை இருந்த நிலமும் இன்று அருங்காட்சியக வளாகத்துள் அடங்கும்.

வளாகத்தில் 19ஆம் நூற்றாண்டுத் துறைமுகச் சிற்றூர் ஒன்று உள்ளது. பீப்பாய் செய்யும் கூடம், அச்சகம், மருந்துக்கடை, கொல்லுப்பட்டறை எனப் பல கட்டடங்கள் நியூ இங்கிலாந்தின் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. திமிங்கல ஈட்டி முதலிய இரும்புக் கருவிகள் செய்த கொல்லுப்பட்டறை 1885இல் நியூ பெட்ஃபோர்டில் கட்டப்பட்டது. பிளிமத் நகரின் கயிற்றாலையிலிருந்து 250 அடி நீளப் பகுதி இங்கே நிற்கிறது. 1824இல் கட்டப்பட்ட மூலக் கட்டடமோ 1,000 அடிக்கும் மேல் நீண்டது. புரிகளை நேராக நீட்டிப் பிடித்து முறுக்க வேண்டியிருந்ததால், கூடத்தின் நீளமே கயிற்றின் நீளத்துக்கு வரம்பாக இருந்தது.

மார்கன் கப்பல்

மார்கன் 1841 ஜூலை 21 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் நீரில் இறக்கப்பட்டது. 1921 வரை 80 ஆண்டுகளில் 37 பயணங்கள் சென்றது. 2,700க்கும் மேற்பட்ட கலங்களைக் கொண்டிருந்த அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பற்கூட்டத்தில் இன்று எஞ்சியிருக்கும் மரக்கப்பல் இது ஒன்றே. 1941 நவம்பரில் மிஸ்டிக்குக்கு வந்தது. 1966இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மேல்தளத்தில் செங்கல்லால் கட்டிய உலை உள்ளது. திமிங்கலக் கொழுப்பை அதில் பதித்த இரும்புக் கொப்பரைகளில் உருக்கி எண்ணெய் எடுத்தனர். எண்ணெய் வடிந்த சக்கையே உலைக்கு விறகானது. தளப்பலகை தீப்பற்றாமல் இருக்க உலையின் அடியில் தண்ணீர் தேக்கிவைத்தனர். கீழ்த்தளம் குனிந்து நடக்கும் உயரமே உடையது. முன்பகுதியில் சாதாரண மாலுமிகள் நெருக்கமான பலகைப் படுக்கைகளில் படுத்தனர். பின்பகுதியிலுள்ள கேப்டன் அறையில் கட்டில் தொங்கலாக அமைந்திருக்கிறது. கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவர் சாயமாட்டார். ஒரே கப்பலில் இருவகை வாழ்க்கை நடந்ததை, முன்னிருந்து பின்வரை ஒருமுறை நடந்தாலே சிறுவர்களும் கண்டுகொள்வர்.

குடும்பங்களுக்கான கோடை நிகழ்ச்சிகள்

பள்ளி விடுமுறைக் காலமான ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை இங்குக் கூட்டம் மிகுதி. சிறுவர் மரத்துண்டில் பாய்மரம் நட்டுப் பொம்மைப் படகு செய்கின்றனர். படகுத்துறையில் சிறு படகை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தினர் தாமே துடுப்புப் போட்டு ஆற்றில் செல்லலாம். மெய்ன் மாநிலத்தில் 1908இல் நிலக்கரி நீராவிப் படகாகக் கட்டப்பட்ட சபினோவும் இந்த ஆற்றில் பயணிகளை ஏற்றிச் சென்றுவந்தது.

பலரையும் ஈர்ப்பது பாய் ஏற்றும் செயல்விளக்கம். பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையான பருமலை உயர்த்த, கயிற்றின் முனையில் பலர் வரிசையாக நிற்க வேண்டும். பாட்டுக்காரர் ஓர் அடியைத் தனியே பாட, மற்றவர்கள் பல்லவியை எடுத்து, குறித்த அசை வரும்போது ஒருசேர இழுக்கின்றனர். தமிழ்க் கடற்கரையின் ஏலேலோ பாட்டுக்கும் இதுவே வேலை. பாட்டின் தாளம் தவறினால் கயிறு நகராது. மேற்கத்திய மாலுமிகளின் இப்பாடல்கள் ‘ஷாண்டி’ எனப்படும். இவற்றுக்கெனக் கடலிசை விழா ஒன்றும் ஜூனில் நடந்துவந்துள்ளது.

விடுமுறை முகாம்களுக்கு உறைவிடமாக இருப்பது ஜோசப் கான்ராட் என்ற மூன்று பாய்மர இரும்புக் கப்பல். 1882இல் கோபன்ஹேகனில், ஜார்ஜ் ஸ்டாகே என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1905இல் மற்றொரு கப்பல் மோதி மூழ்கியதில் பயிற்சி மாணவர் 22 பேர் இறந்தனர். மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் ஓடியது. 1934இல் கடலோடி ஆலன் வில்லியர்ஸ் இதை வாங்கி, எழுத்தாளர் கான்ராடின் பெயரைச் சூட்டி, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவந்தார். 1947இல் மிஸ்டிக்கை அடைந்தது. முகாமுக்கு வரும் சிறுவர் இரவில் இக்கப்பலில் படுத்துறங்கி, பகலில் ஆற்றில் சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகுகின்றனர். கட்டப்பட்ட நாளிலிருந்து இக்கப்பலின் பணி பெரும்பாலும் இளையோரைப் பயிற்றுவதாகவே இருந்துவருகிறது.

வரலாற்றுச் சொற்பொழிவுகள்

கடல்சார் வரலாற்றில் உயர்கல்வி தருவதற்காக 1955இல் இங்கு மன்சன் கல்விநிலையம் தொடங்கப்பட்டது. கோடை வகுப்புகளும் அறிஞர் உரைகளும் அதன் வழியே வளர்ந்தன. ஆப்பிரிக்க, பூர்வகுடி மரபுகளில் பிறந்து கப்பல் தலைவராக உயர்ந்த பால் கஃபே (1759–1817) நினைவாக ஆய்வு நல்கை ஒன்றும் வழங்கப்படுகிறது. திமிங்கல வேட்டைக் கப்பல்களில் கறுப்பின மாலுமிகளும் பூர்வகுடியினரும் பெருமளவில் பணியாற்றியதால், அவர்கள் வரலாறு இத்துறை ஆய்வில் முக்கிய இடம் பெறுகிறது.

அமிஸ்டாட் வழக்கும் அவ்வகையில் இவ்விடத்தோடு தொடர்புடையது. 1839இல் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமிஸ்டாட் என்ற கப்பலைக் கைப்பற்றினர். அது அருகிலுள்ள நியூ லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. மார்கன் நீரில் இறங்கிய அதே 1841இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விடுதலை அளித்தது. அமிஸ்டாடின் மறு உருவம் மிஸ்டிக் பட்டறையில் கட்டப்பட்டு 2000இல் நீரில் இறங்கியது.

நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1819 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர். 1841 ஜனவரியில் அக்குஷ்நெட் என்ற வேட்டைக் கப்பலில் புறப்பட்ட அவருக்குப் பேசிய கூலி, வருவாயில் 175இல் ஒரு பங்கு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘மோபி-டிக்’ நாவல் 1851இல் வெளிவந்தது. அவர் பிறந்தநாளையொட்டி மார்கன் கப்பலில் நாவல் முழுவதும் உரக்க வாசிக்கப்படுகிறது. ஒருவர்பின் ஒருவராக இரவெல்லாம் வாசித்து முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும்.

பராமரிப்பும் 38ஆவது பயணமும்

வளாகத்திலுள்ள பட்டறையில் தச்சர்கள் பலகை மாற்றுவதையும், பலகை இடுக்கில் நார் திணித்துக் கலப்பற்று அடிப்பதையும் பார்வையாளர் நேரில் காணலாம். மார்கன் 2008இல் கரையேற்றப்பட்டு ஐந்தாண்டுகள் பழுதுபார்க்கப்பட்டது. கத்ரீனா புயலில் சாய்ந்த ஓக் மரங்களும் இதற்குப் பயன்பட்டன. 2013 ஜூலை 21 அன்று, முதன்முதல் நீரைத் தொட்ட அதே நாளில், மீண்டும் மிதக்கவிடப்பட்டது.

2014 கோடையில் மார்கன் தன் 38ஆவது பயணத்தைத் தொடங்கியது. தான் பிறந்த நியூ பெட்ஃபோர்டுக்கும் பாஸ்டனுக்கும் சென்றது. இடையே, திமிங்கலங்கள் கூடும் காப்பகமான ஸ்டெல்வாகன் திட்டில் அதன் வேட்டைப்படகு மறுபடியும் இறக்கப்பட்டது. திமிங்கலங்கள் அருகே வந்தன. இம்முறை படகில் ஈட்டி எறிய யாரும் இல்லை. ஆகஸ்டில் திரும்பிய கப்பல் மிஸ்டிக்கில் தன் பழைய துறையில் கட்டப்பட்டுள்ளது.